குருவானவர் ஒதுங்கலாமா?

சித்திரைப் பௌர்ணமியன்று வைகையில் இறங்கும் அழகர் அன்றிரவு வண்டியூருக்கு எழுந்தருளி, வீரராகவப் பெருமாள் கோவிலில் தங்குகிறார். மறுநாள் தேனூர் மண்டபத்தில் மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளிக்கிறார். மதுரைச் சீமையில் சிறு பிள்ளைகளும் அறிந்த செய்தி இது. ஆனால் அக்கதையின் முற்பகுதியை நம்மில் அநேகர் கவனிப்பதில்லை. சுதபஸ் என்னும் முனிவர் தண்ணீரில் தம்மை மறந்து தியானத்தில் ஆழ்ந்திருந்தார். அச்சமயம் துர்வாசர் வந்தார். வந்தவரை முனிவர் கவனிக்கவில்லை. "தவளையாகப் போகக் கடவாய்" என்று சாபம் கிடைத்தது. அதே முனிவர் தவளை உருவில் வைகைக் கரையில் தனித்துத் தவமிருந்தார். பகவானே அவரைத் தேடி வந்தார். ஆக, தனிமையில் மூழ்கியிருந்தது ஒரு தடவை குற்றமாயிற்று. மறு தடவை பேறாயிற்று. இரண்டும் ஒரே கதையில்தான் இருக்கின்றன.

வண்டியூரிலிருந்து கத்தோலிக்க அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ள கடிதத்தைப் படித்தபோது இக்கதைதான் நினைவுக்கு வந்தது. அவருடைய உறவினர் சிலர் வேறொரு ஜில்லாவில், ஒரு கிராமத்து விசாரணையைச் சேர்ந்தவர்கள். (பங்கு என்று இப்பொழுது வழங்குவதைப் பழைய கிறிஸ்தவர்கள் விசாரணை என்பார்கள். மக்களை விசாரிப்பதே அங்கு வேலையாகையால் பழைய சொல்லே நமக்குப் பிடித்திருக்கிறது.) அவ்விசாரணையின் குருவானவருக்கு ஐம்பது வயதுகூட நிரம்பவில்லை. நோய் நொடி கிடையாது. அவர்மீது யாதொரு புகாரும் இல்லை. அவர் மேற்றிராணியாரிடம் உத்தரவு பெற்று, விசாரணைப் பொறுப்பை விட்டு, ஜெபத்திலும் தனிமையிலும் காலங்கழிக்கப் போய்விட்டாராம். ஜனங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. புதிய சாமியார் வந்த பிறகுதான் பழையவர் போய்விட்டது தெரிந்ததாம். ஊர் இரண்டுபட்டு நிற்கிறது. "மகான்" என்கிறார்கள் ஒரு சாரார். "எங்களை நடுத்தெருவில் விட்டார்" என்கிறார்கள் மறு சாரார். ஒரு குருவானவர் தாமாகவே விரும்பிப் பகிரங்க ஊழியத்தை விட்டு விலகலாமா என்று அன்பர் கேட்கிறார். கடிதத்தின் அடியில் ஒரு மூதாட்டியைப்பற்றியும் இரண்டு வரி எழுதியிருக்கிறார். அதற்குப் பிறகு வருவோம்.

ஒரு மதத்தாரின் உள் விவகாரத்தில் பத்திரிகைக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். பொது ஊழியத்தில் இறங்கியவன் பாதி வழியில் விலகலாமா என்ற கேள்வி குருமாருக்கு மட்டும் உரியதன்று. 1910ஆம் வருஷம் ஏப்ரல் 4ந் தேதி அரவிந்தர் புதுச்சேரியில் வந்து இறங்கினார். அதன் பின் அவர் அரசியல் மேடை ஏறவில்லை. 1920இல் நாகபுரி காங்கிரஸுக்குத் தலைமை வகிக்க அழைத்தபோதும் மறுத்துவிட்டார். அவர் செய்தது சரியா என்ற வாதம் படித்தவர்கள் கூடும் இடங்களில் இன்றைக்கும் கிளம்பத்தான் செய்கிறது. சங்கங்களிலும் கட்சிக் காரியாலயங்களிலும் உழைக்கும் நமது நேயர்களில் "போதும், விட்டுவிடுவோம்" என்று ஒரு நாளாவது நினைக்காதவர் யார்? ஆனால் அரவிந்தருக்கும் குருவானவருக்கும் ஒரு பெரிய பேதம் உண்டு. அரவிந்தர், தமக்கு உள்ளிருந்து ஆணை கிடைத்தது என்றார். அதோடு விஷயம் முடிந்தது. குருவானவர் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்ப முடியாது.

ஏன் முடியாது என்பதற்குத் திருச்சபையின் சட்டத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். 1983ஆம் வருஷம் நவம்பர் 27ந் தேதி முதல் அமலிலிருந்து வரும் சட்டத் தொகுப்பு, ஜனங்கள் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளும் இரண்டு விஷயங்களைத் தனித்தனியே வைத்திருக்கிறது. ஒன்று பட்டம், மற்றொன்று பதவி. முறைப்படி பெற்ற குருப்பட்டம் ஒருநாளும் இல்லாமற்போவதில்லை என்று 290வது விதி கூறுகிறது. குருவானவர் குருத்துவ அந்தஸ்தையே இழக்கலாம். விவாகம் செய்துகொள்ளப் பாப்பரசரிடம் விலக்கும் பெறலாம். பட்டத்தின் முத்திரை மட்டும் அழியாது. பதவி அப்படிப்பட்டதன்று. சுய புத்தியுள்ள எவரும் நியாயமான காரணத்தின்பேரில் பதவியை ராஜினாமாச் செய்யலாம் என்று 187வது விதி தாராளமாகவே சொல்லுகிறது. அடுத்த விதி இன்னும் கவனிக்கத்தக்கது. அநியாயமாகப் பயமுறுத்தியோ, வஞ்சித்தோ, அடிப்படையான விஷயத்தில் தவறாக எண்ணும்படி செய்தோ வாங்கப்பட்ட ராஜினாமா செல்லாது. நமது ராஜாங்கக் காரியாலயங்களில் இவ்விதியை எழுதி மாட்டிவைத்தால் எத்தனையோ சிப்பந்திகள் பிழைத்துப்போவார்கள்!

இவ்வளவு தாராளத்துக்கு ஒரு கடிவாளமும் உண்டு. விசாரணைக் குரு ராஜினாமாக் கடிதம் கொடுத்தால் மட்டும் போதாது. மேற்றிராணியார், அதாவது இக்காலத்தார் ஆயர் என்று அழைப்பவர், அதை ஏற்றுக்கொள்ளவேண்டும். காரணம் நியாயமானதாகவும் தக்க அளவுடையதாகவும் இல்லாவிட்டால் அவர் ஏற்கலாகாது. மூன்று மாதத்துக்குள் ஏற்கப்படாத ராஜினாமாவுக்கு வலு இல்லை. எழுபத்தைந்து வயது நிரம்பிய விசாரணைக் குரு தாமே விலக முன்வரும்படி 538வது விதி கேட்டுக்கொள்ளுகிறது. அப்பொழுதும் முடிவு ஆயர் கையில்தான். தக்க தடை இருந்தாலன்றி, ஒப்படைக்கப்பட்ட வேலையை ஏற்று உண்மையுடன் செய்யக் குருமார் கடமைப்பட்டவர்கள் என்கிறது 274வது விதி. பட்டம் பெறும் நாளில் ஆயருடைய கைகளுக்குள் தம் கைகளை வைத்துக் கீழ்ப்படிவதாக வாக்களிக்கிறாரே, அந்த வாக்கின் பொருள் இதுதான்.

ஆகையால் சட்டத்தைப் பொறுத்தவரை வண்டியூர் அன்பருக்கு விடை சுருக்கமானது. விலகலாம், உத்தரவு பெற்று விலகவேண்டும். அக்குருவானவர் உத்தரவு பெற்றிருக்கிறார். தனிவாசத்துக்கே சட்டத்தில் இடம் இருக்கிறது. 1917ஆம் வருஷத்துப் பழைய தொகுப்பில் வனவாசிகளைப்பற்றிப் பேச்சே கிடையாது. புதிய தொகுப்பின் 603வது விதி, ஆயர் முன்னிலையில் வாக்குக்கொடுத்து ஏகாந்தத்தில் வாழ்பவரைத் திருச்சபை அங்கீகரிக்கும் என்று கூறுகிறது.

சட்டத்துக்கு அப்பாலுள்ள கேள்விதான் கடினமானது. அதை ஆராய வெகுதூரம் போகவேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டினால் போதும். கேரளத்தில் பாலா மறைமாவட்டத்தின் துணை ஆயராயிருந்தவர் ஜேக்கப் முரிக்கன். சீரோ மலபார் சபையைச் சேர்ந்தவர். 2012இல் ஆயரானார். 2016இல் தமது சிறுநீரகம் ஒன்றை முன்பின் பழக்கமில்லாத ஒரு ஹிந்து வாலிபருக்குத் தானமாகக் கொடுத்தார். பிறகு, பதவியை விட்டுத் தனிவாசம் செய்ய உத்தரவு வேண்டுமென்று கேட்கத் தொடங்கினார். உடனே கிடைக்கவில்லை. வருஷக்கணக்கில் காத்திருந்தார்; காத்திருந்த காலமெல்லாம் வேலையைச் செய்துகொண்டிருந்தார். 2022 ஆகஸ்டில் அச்சபையின் ஆயர் மன்றம் அவருடைய ராஜினாமாவை ஏற்றுக்கொண்டது. அப்பொழுது அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. இடுக்கி ஜில்லா மலைப்பகுதியில் ஓர் ஆசிரமத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

இவரைக் கோழை என்று சொல்ல யாருக்கு நாக்கு வரும்? உடம்பிலிருந்தே ஒரு பாகத்தை அறுத்துக் கொடுத்தவர் உழைப்புக்கு அஞ்சி ஓடினார் என்பதை நாம் நம்பமாட்டோம். அதைவிட முக்கியமாக நாம் கருதுவது அவர் விலகிய முறை. என்ன காரணத்துக்காகப் போகிறார், எங்கே போகிறார் என்பது நாடறிந்த விஷயமாயிருந்தது. மர்மம் எதுவும் இல்லை.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். பிரான்ஸ் தேசத்தில் ஆர்ஸ் என்று ஒரு சிற்றூர். அங்கே 1818இல் விசாரணைக் குருவாக வந்தவர் ஜான் மரிய வியான்னி. நாள் முழுவதும் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் உட்கார்ந்து, தூர தேசங்களிலிருந்து வருவோரின் குறைகளையெல்லாம் கேட்டார். அவருக்கும் தனிமையில்தான் ஆசை. மடம் ஒன்றில் ஒதுங்கித் தம் பாவங்களுக்காக அழவேண்டும் என்பதே அவர் பேச்சு. ஒருமுறையல்ல, பலமுறை ஊரைவிட்டுக் கிளம்பினார். 1853இல் கடைசியாக இரவில் கிளம்பியபோது ஊரார் விழித்துக்கொண்டு வழியை மறித்தார்கள். அவர் திரும்பி வந்தார். அதன் பிறகு ஆறு வருஷம் அதே ஊரில் உழைத்து, 1859 ஆகஸ்டு 4ந் தேதி அங்கேயே இறந்தார். விசாரணைக் குருமாருக்கெல்லாம் பாதுகாவலராகத் திருச்சபை தேர்ந்தெடுத்தது யாரை? ஓடிப்போகப் பார்த்த இவரைத்தான்! ஆர்ஸ் ஜனங்கள் வழியை மறிக்காதிருந்தால் வியான்னியின் பெயரை இன்று யார் அறிவார்?

ஆனால் இதைக்கொண்டு மறிப்பதே சரி என்று தீர்த்துவிடவும் கூடாது. 1294ஆம் வருஷத்தில், மலையில் தவமிருந்த ஒரு கிழவரைப் பிடித்து இழுத்துவந்து பாப்பரசராக்கினார்கள். ஐந்தாம் செலஸ்டின் என்று பெயர் வைத்துக்கொண்டார். நிர்வாகம் அவருக்கு ஒத்துவரவில்லை. அவ்வருஷம் டிசம்பர் 13ந் தேதி பதவியைத் துறந்தார். பின்வந்த எட்டாம் போனிபாஸ் அவரைப் பழைய குகைக்குப் போகவிடாமல் ஒரு கோட்டையில் அடைத்துவைத்தார். அங்கேயே 1296இல் இறந்தார். தனிமையை நாடியவருக்குச் சிறைவாசம் கிடைத்தது. 2009இல் பதினாறாம் பெனடிக்ட் அவருடைய சமாதிக்குச் சென்று, தமது அதிகாரச் சின்னமாகிய தோள் துகிலை அதன்மேல் வைத்துவிட்டு வந்தார். அதன் அர்த்தம் அப்பொழுது எவருக்கும் விளங்கவில்லை. 2013 பிப்ரவரி 28ந் தேதி அவரே பதவி துறந்தபோது விளங்கிற்று. அதன் பிறகு வத்திக்கானுக்குள்ளேயே ஒரு மடத்தில் ஒதுங்கி, 2022 டிசம்பர் 31ந் தேதி காலமானார். பாப்பரசரே இறங்கலாமானால் ஒரு கிராமத்துச் சாமியார் இறங்கலாகாதா என்று கேட்போர் உண்டு. கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெனடிக்ட் எண்பத்தைந்து வயதில், உடலும் மனமும் தளர்ந்துவிட்டன என்று உலகறியச் சொல்லிவிட்டு இறங்கினார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதா? 1939இல் பிரான்ஸிலிருந்து வந்த ஜூல்ஸ் மோன்ஷானின் திருச்சி மறைமாவட்டத்துக் கிராமங்களில் விசாரணைக் குருவாக வெயிலில் அலைந்தார். குளித்தலையில் பல காலம் இருந்தார். திருச்சி ஆயர் ஜேம்ஸ் மெண்டோன்ஸா உத்தரவு கொடுக்க, 1950 மார்ச்சு 21ந் தேதி, காவேரிக் கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் என்ற ஆசிரமத்தை ஆரம்பித்தார். கூட இருந்தவர் அபிஷிக்தானந்தர் என்று பெயர் பூண்ட ஹென்றி லெஸோ. காவி உடுத்தினார்கள், மாமிசம் விட்டார்கள். லெஸோ திருவண்ணாமலைக் குகைகளில் மாதக்கணக்கில் மௌனமிருந்தவர். 1968இல் சாந்திவனத்தையும் விட்டு இமயமலைச் சாரலில் உத்தரகாசிக்குப் போனார். 1973இல் இந்தூரில் மறைந்தார். இவர்களையும் அக்காலத்தில் "ஞானஸ்நானம் கொடுக்காத குரு ஒரு குருவா?" என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். இன்று சாந்திவனத்தைத் தேடி நான்கு திசைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். காவேரிக் கரையில் ஒதுங்கியவர்கள் ஒருவகையில் முன்னைவிட அதிக ஜனங்களுக்கு ஊழியம் செய்துவிட்டார்கள்.

நமது மதுரையிலேயே 1606இல் வந்து குடிசையில் அமர்ந்த தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி தம் சபையாரிடமிருந்து ஒதுங்கினார். அது ஊழியத்தை விடுவதற்காக அல்ல, ஜனங்களை நெருங்குவதற்காக. கண் பார்வை போன முதுமையில் மயிலாப்பூரில் அவர் ஒதுங்கியிருந்தார். அங்கேயும் சும்மா இருக்கவில்லை. நூல்களைப் பிறரிடம் சொல்லி எழுதுவித்துக்கொண்டிருந்தார். 1656இல் இறக்கும் வரையில் அவருக்கு ஓய்வு என்பது தெரியாது.

இவ்வளவும் நல்ல விலகல். மற்றொரு வகையையும் சொல்லாமல் விட்டால் நேயர்களை ஏமாற்றியவர்களாவோம். சமீப காலத்தில் உலகெங்கும் திருச்சபையில் "தாமாகவே பகிரங்க ஊழியத்திலிருந்து விலகியிருக்கிறார்" என்ற சொற்றொடர் வேறொரு பொருளில் அடிபடுகிறது. ஒருவர்மீது கொடிய குற்றச்சாட்டு எழுகிறது; விசாரணை முடியும் வரையில் ஒதுங்கியிருப்பதாக அறிக்கை வருகிறது. நமது தேசத்திலேயே, ஜலந்தர் ஆயராயிருந்த பிராங்கோ முளைக்கல், ஒரு கன்னியாஸ்திரீ கொடுத்த புகாரின்பேரில் போலீஸ் விசாரணை நடந்துகொண்டிருந்தபோது, தற்காலிகமாக விலகியிருக்க அனுமதி கேட்டார். 2018 செப்டம்பர் 20ந் தேதி ரோமாபுரி அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. மறுநாள் கைதானார். 2022 ஜனவரி 14ந் தேதி கோட்டயம் கோர்ட்டு குற்றமற்றவரென்று விடுதலை செய்தது. அத்தீர்ப்பின்மேல் அப்பீலும் செய்யப்பட்டது. 2023 ஜூன் 1ந் தேதி அவருடைய ராஜினாமா ஏற்கப்பட்டது. அவ்வழக்கின் நியாய அநியாயம் நமது கட்டுரையின் விஷயமன்று. புகாருக்கு உள்ளானவர் ஒதுங்கியிருப்பது அவசியமே. நாம் ஆட்சேபிப்பது, இந்த ஒதுக்கத்துக்கும் "சுய விருப்பம்" என்ற அதே போர்வையைப் போர்த்துவதை. முரிக்கனின் விலகலுக்கும் இதற்கும் ஒரே வார்த்தையை உபயோகித்தால், உண்மையில் ஜெபத்துக்காகப் போகிறவர்மீதும் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள். சந்தேகப்படுவது அவர்கள் குற்றமா?

அன்பர் குறிப்பிடும் கிராமத்தில் நடந்திருப்பதும் அதுதான் என்று நமக்குத் தோன்றுகிறது. குருவானவர் விலகியதில் நமக்கு ஆட்சேபமில்லை. ஒருவனுடைய உள்ளத்தில் ஏகாந்தத்துக்கு அழைப்பு இருக்குமானால், அவனைக் கணக்குப் புத்தகத்திலும் கட்டடக் கமிட்டியிலும் கட்டிப்போட்டு வைப்பது அவனுக்கும் நன்மையன்று, ஜனங்களுக்கும் நன்மையன்று. பள்ளிக்கூடம், விடுதி, நிலம், வழக்கு என்று நமது குருமாரில் பலர் குமாஸ்தாக்களாகவே தேய்ந்துபோகிறார்கள். இப்படிப்பட்டவரின் வேண்டுகோளை மேற்றிராணிமார்கள் இன்னும் தாராளமாகக் கவனிக்கலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் சொல்லாமல் போனது தவறு. உத்தரவு மேலிருந்து வாங்கவேண்டியதுதான். அதற்காகக் கீழே இருப்பவர்களிடம் விடைகூட வாங்கவேண்டாமா? அவர்களுடைய குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், அவர்களுடைய பிணங்களுக்கு மந்திரித்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஐந்து நிமிஷம் நின்று, "நான் போகிறேன், இன்ன காரணத்துக்காகப் போகிறேன், எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்" என்று சொல்லியிருந்தால் ஊர் இரண்டுபட்டிருக்காது. சிலர் ஆர்ஸ் ஜனங்களைப்போல வழியை மறித்திருப்பார்கள் என்பது வாஸ்தவம். மறித்தால் மறிக்கட்டுமே! அந்த மறியலைத் தாண்டிப் போகிற அழைப்புத்தான் மெய்யான அழைப்பு. சட்டம் ஆயருடைய சம்மதத்தை மட்டும் கேட்கிறது. ஜனங்களுக்குத் தெரிவிக்க வேண்டிய பொறுப்பு விலகுகிறவருக்கு மாத்திரமல்ல, உத்தரவு கொடுக்கிறவருக்கும் உண்டு என்று அந்த மறைமாவட்டத்தாருக்கு எடுத்துச் சொல்லுவோம். இப்பொழுதும் காலம் கடந்துவிடவில்லை. ஒரு கடிதம் எழுதிக் கோவிலில் வாசிக்கச் செய்யலாம்.

இனி அந்த மூதாட்டியைப்பற்றி. எண்பது வயதுக்குமேல் ஆன அவள் படுத்த படுக்கையாய்க் கிடக்கிறாளாம். தனக்கு அவஸ்தைப்பூசுதல் பழைய சாமியார் கையால்தான் கிடைக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறாளாம். "அவர் விலகிவிட்டார், அவருக்கு இனி அந்த அதிகாரம் இல்லை" என்று ஊரார் அவளுக்குச் சொல்லிவிட்டார்களாம். ஊரார் சொன்னது தவறு. மரண ஆபத்திலிருப்பவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்பளிக்க, அனுமதி பெறாத குருவுக்குங்கூட அதிகாரம் உண்டு என்று 976வது விதி தெளிவாகக் கூறுகிறது. நோயாளிக்கு எண்ணெய் பூசும் கடமை முதலாவது விசாரணைக் குருவுடையது. ஆனால் தக்க காரணமிருந்தால், அவருடைய சம்மதத்தின்பேரில் வேறு எந்தக் குருவும் அதைச் செய்யலாம் என்பது 1003வது விதி. புதிய சாமியார் சம்மதித்தால் தடை ஒன்றும் இல்லை. பழைய சாமியார் இருக்குமிடம் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். அன்பர் இக்கடிதத்துக்கு நமது பதிலை எதிர்பார்த்துத் தாமதம் செய்திருந்தால், இனியாவது தாமதியாமல் தம் உறவினருக்குத் தகவல் அனுப்பவேண்டும்.